கடலில் வான்பொருள்களைக் கொண்டு இடமறிதல்: மரபுக் கருவிகளா, மின்னணுக் கருவிகளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான்பொருள்களைக் கொண்டு கடலில் இடமறிவது என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட வினாடியில் சூரியனோ, சந்திரனோ, ஒரு கோளோ, ஒரு நட்சத்திரமோ பூமியின் எந்தப் புள்ளிக்கு நேர் உச்சியில் நிற்கும் என்பது முன்கூட்டியே கணித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வான்பொருள் நம் தொடுவானத்துக்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறது என்று அளந்துவிட்டால், அந்தப் புள்ளியிலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது கிடைத்துவிடும். கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, கடற்பரப்பில் ஒரு கடல் மைலுக்கு (1,852 மீட்டர்) இணையானது என்பதே இதன் அடிப்படை. ஒரு முறை அளந்தால் நாம் ஒரு பெரிய வட்டத்தின் மீது எங்கோ இருக்கிறோம் என்று மட்டும் தெரியும். வரைபடத்தில் நமக்கு வேண்டிய சிறு பகுதியில் அந்த வட்டம் ஏறக்குறைய நேர்கோடாகத் தெரிவதால் அதை நிலைக்கோடு என்கிறோம். இரண்டு மூன்று நிலைக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே கப்பலின் இடம்.

இந்த வேலையில் ஐந்து படிகள் உள்ளன: செக்ஸ்டன்ட் என்ற ஆடிக் கருவியால் கோணத்தை அளப்பது, நேரத்தைக் குறிப்பது, வான்பொருள்களின் இடங்களைப் பட்டியலிடும் ஆண்டு நூலான பஞ்சாங்கத்தைப் பார்ப்பது, கணக்கிடுவது, வரைபடத்தில் கோடு இழுப்பது. மரபா, மின்னணுவா என்பதை ஐந்துக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் விவாதம் முடிவில்லாமல் நீள்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனியாகக் கேட்டுப் பார்த்தால் விடை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் படிகளுக்கும் அதே விடை வருவதில்லை. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும்போது இவ்வளவு பாடு எதற்கு?

துல்லியத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு ஈடு இல்லை. அதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆனால் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை கடல் மட்டத்தை அடையும்போது மிகவும் வலுவிழந்திருக்கும். சிறிய கருவியைக் கொண்டே அதை முடக்க முடியும். இன்னும் தேர்ந்தவர்கள் போலிச் சமிக்ஞையை அனுப்பிக் கருவியை ஏமாற்றவும் முடியும். 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உரிமையாளரின் ஒப்புதலுடன், மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுப் படகை அப்படியே திசை திருப்பிக் காட்டினார்கள். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு அருகே இருந்த கப்பல்களின் கருவிகள், அவை நிலப்பகுதியில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின.

சூழ்ச்சி ஏதும் இல்லாமலும் தவறு நேரலாம். 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்றுகொண்டிருந்த ராயல் மெஜஸ்டி என்ற பயணக் கப்பலில், ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்றுபோனது. கருவி அணைந்துவிடவில்லை, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்து ஊகித்த இடத்தைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாளுக்கும் மேலாக எவரும் அதைக் கவனிக்கவில்லை. நான்டக்கெட் தீவருகே மணல்மேட்டில் தரைதட்டியபோது கப்பல் தன் வழியிலிருந்து சுமார் 17 மைல் விலகியிருந்தது. இந்த நிகழ்வை நான் மீண்டும் மீண்டும் மாணவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தேவைப்பட்டது ஜிபிஎஸ்ஸை விடத் துல்லியமான கருவி அன்று. ஜிபிஎஸ்ஸை எந்த வகையிலும் சாராத இன்னொரு கருவி. இரண்டு மைல் பிழையுள்ள ஒரு சூரிய அளவீடுகூட அந்தப் பதினேழு மைலைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

செக்ஸ்டன்டுக்குப் பதிலாகக் கைபேசியின் கேமராவையும் சாய்வு உணரியையும் பயன்படுத்தலாமா?

கற்றுக்கொள்ளவும் நட்சத்திரங்களை அடையாளம் காணவும் பயன்படுத்தலாம். இடமறிய அதை நம்பக் கூடாது. காரணம் கேமராவின் தரத்தில் இல்லை. எந்த உயரக்கோணத்துக்கும் இரண்டு முனைகள் உண்டு: ஒன்று வான்பொருள், மற்றொன்று கிடைமட்டம். கைபேசி தன் கிடைமட்டத்தைப் புவியீர்ப்பை உணரும் சில்லிலிருந்து பெறுகிறது. ஆடும் தளத்தில் அந்தச் சில்லு புவியீர்ப்பையும் படகின் அசைவால் எழும் முடுக்கத்தையும் சேர்த்தே உணர்கிறது. இரண்டையும் பிரித்தறிய அதனால் முடியாது. ஒரு பாகை தவறினால் 60 கடல் மைல் தவறுகிறது என்பதை நினைவில் வைத்தால், இதன் பொருள் விளங்கும்.

செக்ஸ்டன்டின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1731-இல் ஜான் ஹேட்லி முன்வைத்த இரட்டை ஆடி அமைப்பே இன்றைய செக்ஸ்டன்டிலும் உள்ளது. அது வான்பொருளின் பிம்பத்தைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து, கண்ணுக்கு எதிரே தெரியும் உண்மையான தொடுவானத்தின் மீது அமரவைக்கிறது. இரண்டும் ஒரே பார்வையில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால், கை ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள கோணம் கலைவதில்லை. ஆடியை ஒரு பாகை திருப்பினால் பிம்பம் இரண்டு பாகை நகரும் என்பதால், வட்டத்தில் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வில்லே 120 பாகை வரை அளக்கப் போதுமானதாகிறது. கருவியின் பெயரும் அந்த ஆறில் ஒரு பங்கிலிருந்து வந்ததுதான். ஆடும் படகில் நின்றுகொண்டு ஒரு கலைக்குள் கோணம் அளக்கும் கருவியை, பேட்டரியே இல்லாமல், இரண்டு ஆடிகளால் செய்துவிட்டார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொடுவானத்தையே அளவுகோலின் ஒரு முனையாகக் கொள்ளும் எண்ணம் அதற்கும் பழையது. அரபு மாலுமிகள் கமால் என்றும் தமிழ் மாலுமிகள் இராப்பலகை என்றும் அழைத்த சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறும் அதே எண்ணத்தில் பிறந்தவை. பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, கயிற்றின் எந்த முடிச்சு பல்லில் சிக்குகிறது என்று பார்த்து அட்சரேகையை அறிந்தார்கள்.

உலோக செக்ஸ்டன்டா, பிளாஸ்டிக் செக்ஸ்டன்டா?

பிளாஸ்டிக் கருவி வெயிலில் சிறிது உருமாறுவதால் அதன் சுழிப் பிழை, அதாவது சுழியைக் காட்ட வேண்டிய நிலையில் அது காட்டும் பிழையளவு, ஒரே நாளிலேயே மாறக்கூடும். அதனால் அது பயனற்றது என்று ஆகாது. ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் பின்னும் சுழிப் பிழையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொடங்குபவருக்கும், அவசரக் காலப் பையில் வைப்பதற்கும் அது போதும். நெடும்பயணம் செல்பவர் உலோகக் கருவி வாங்குவது நல்லது. பழைய கருவியை வாங்கினால் முதலில் ஆடிகளின் பூச்சையும், வில்லின் பற்களில் தேய்மானம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அளந்த கோணத்தை அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கண் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நண்பகலில் தெற்கே நிற்கும் சூரியனின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் அமர்த்தியபோது செக்ஸ்டன்ட் 70 பாகை 4.9 கலை காட்டுகிறது. கருவி 2 கலை கூடுதலாகக் காட்டுவது தெரிந்திருப்பதால் அதைக் கழிக்கிறோம். உயரத்தில் நின்று பார்க்கும்போது தொடுவானம் சற்றுத் தாழ்ந்து தெரியும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76-ஆல் பெருக்கினால் வருவது 3.5 கலை, அதையும் கழிக்கிறோம். இவ்வளவு உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் 0.4 கலைதான், அதுவும் கழிகிறது. சூரியனின் மையத்தை அடைய அதன் பாதி விட்டமான சுமார் 16 கலையைக் கூட்டுகிறோம். விடை 70 பாகை 15 கலை. உச்சியிலிருந்து சூரியன் 19 பாகை 45 கலை தள்ளி நிற்கிறது. அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கே இருக்கிறது என்று பஞ்சாங்கம் சொன்னால், நம் அட்சரேகை 29 பாகை 45 கலை வடக்கு.

திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் பத்து மைல் தவறியிருக்கும். செயலிகள் இந்தத் திருத்தங்களை ஒரே நொடியில் செய்துவிடுகின்றன. ஆனால் கண்ணின் உயரத்தையும் எந்த விளிம்பை அளந்தோம் என்பதையும் அவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். மேல் விளிம்பை அளந்துவிட்டுக் கீழ் விளிம்பு என்று குறித்தால் அரைப் பாகைக்கு மேல், ஏறக்குறைய 32 மைல் தவறும்.

மரபுக் குரோனோமீட்டர் (கப்பலுக்கான துல்லியக் கடிகாரம்) இன்னும் தேவையா?

தேவையில்லை. இந்தப் படியில் மின்னணு முழுமையாக வென்றுவிட்டது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், நேரத்தில் 4 வினாடி பிழைத்தால் தீர்க்கரேகையில் ஒரு கலை, பூமத்திய ரேகையில் ஒரு கடல் மைல் பிழைக்கும். கடலில் தீர்க்கரேகையை அறியும் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காண்பவருக்கு 1714-இல் பிரிட்டன் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. கடிகாரம் செய்பவரான ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் பயணப்பட்டு, பல வாரக் கடற்பயணத்துக்குப் பின் சுமார் 5 வினாடியே பிழைத்திருந்தது. இன்று சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் ஹாரிசனின் கணக்கில் ஒரு பாடம் உண்டு. அது குவார்ட்ஸுக்கும் பொருந்தும். அவருடைய கடிகாரம் பிழையே செய்யவில்லை என்பதல்ல. அது நாளொன்றுக்கு எவ்வளவு பின்தங்கும் என்பது முன்பே அளந்து வைக்கப்பட்டு, கணக்கில் சேர்க்கப்பட்டது. நாள்தோறும் ஒரே சீராக அரை வினாடி பிந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம்; ஒரு நாள் முந்தி, மறுநாள் பிந்துவது கெட்டது. ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கடிகாரத்தை ஒரு நிலையான நேரக்குறியுடன் ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்க வேண்டும். பிறகு முள்ளைத் தொடக் கூடாது. இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது தவறு என்று தெரியாது என்பதால் மூன்று வைத்துக்கொள்வது நல்லது. சிற்றலை வானொலி இருந்தால், 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் ஒலிபரப்பும் நேரக்குறியுடன் சரிபார்க்கலாம்.

அச்சுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொள்வதா, மென்பொருளா?

கடற்பயணத்துக்கான பிரிட்டிஷ் பஞ்சாங்கம் 1767-ஆம் ஆண்டுக்கு முதன்முதலில் வெளியானது. நெவில் மாஸ்கலைன் அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். இன்றைய பதிப்பில் சூரியன், சந்திரன், நான்கு கோள்கள் ஆகியவற்றின் இடம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட 57 நட்சத்திரங்களின் இடம் மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் தரப்படுகிறது. மென்பொருள் இவை அனைத்தையும் எந்த வினாடிக்கும் நேரடியாகக் கணக்கிட்டுத் தருவதால், இடைப்பட்ட நிமிடங்களுக்காகப் பக்கம் புரட்டும் வேலையும் அதில் நேரும் கூட்டல் பிழையும் இல்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகமும், பிரிட்டனின் கடற்பஞ்சாங்க அலுவலகமும் இதற்கென மென்பொருள்களை உருவாக்கியிருக்கின்றன.

என் பரிந்துரை இரண்டையும் வைத்துக்கொள்வது. அன்றாடம் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அச்சுப் பக்கத்தைத் திறந்து ஒரு மதிப்பை ஒப்பிடுங்கள். மென்பொருளில் பெரும்பாலும் தவறுவது வானியல் அல்ல. கைபேசியின் நேர மண்டலமே. உலக நேரத்தில் கணக்கிட வேண்டிய இடத்தில் உள்ளூர் நேரம் புகுந்தால் விடை நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய்விடும். அச்சுப் பஞ்சாங்கம் அந்த ஆண்டோடு காலாவதியாகிறது என்றாலும், சூரியனின் நிலை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏறக்குறையத் திரும்பி வருவதால், பழைய பிரதியைச் சிறு திருத்தத்துடன் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம்.

கணக்கிட அட்டவணை நல்லதா, கால்குலேட்டர் நல்லதா?

1837-இல் தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், மேகத்தினூடே கிடைத்த ஒரே சூரிய அளவீட்டிலிருந்து நிலைக்கோடு என்ற கருத்தைக் கண்டறிந்தார். 1875-இல் பிரெஞ்சுக் கடற்படையின் மார்க் சாந்த் இலேர் அதை இன்று நாம் செய்யும் முறையாக்கினார்: நாம் இருப்பதாக ஊகிக்கும் இடத்தில் அந்த வான்பொருள் எவ்வளவு உயரத்தில் தெரியவேண்டும் என்று கணக்கிட்டு, அளந்த உயரத்துடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை மைல்களாக வரைவது. அந்தக் கணக்கு சைன், கொசைன் கொண்ட ஒரே சூத்திரம்தான். கையால் பெருக்கிச் சலித்தவர்களுக்காகவே தடித்த அட்டவணை நூல்கள் பிறந்தன. சைன், கொசைன் போடும் எளிய கால்குலேட்டர் அந்தத் தொகுதிகளின் வேலையை அரை நிமிடத்தில் முடிக்கிறது. இந்தப் படியில் மின்னணுவைத் தயங்காமல் ஏற்கலாம்.

எச்சரிக்க வேண்டியது ஒன்று. 29 பாகை 45 கலையை 29.45 என்று தட்டுபவர்கள் ஏராளம். அது 29.75, வேறுபாடு 18 கடல் மைல். தெற்கு அட்சரேகைக்கு எதிர்க்குறி போட மறப்பது அடுத்தது. அட்டவணையில் தவறு செய்தால் பெரும்பாலும் பக்கமே பொருந்தாமல் போய் எச்சரிக்கை கிடைக்கும். கால்குலேட்டரோ தவறான எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் ஒரே நிதானத்துடன் விடை தரும். எனவே விடையை எழுதும் முன், அது நம் ஊகத்துக்கு அருகில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

பெரிய கப்பலின் உயர்ந்த, அதிகம் ஆடாத தளத்திலிருந்து, தெளிவான தொடுவானத்துடன், பழகிய கை ஒரு கடல் மைலுக்குள் இடமறியும். சிறிய படகில் இரண்டு முதல் ஐந்து மைல் என்று வைத்துக்கொள்வது நேர்மையானது. எல்லா மின்னணுத் துணைகளையும் சேர்த்தாலும் இந்த எண் பெரிதாகக் குறையாது. ஏனென்றால் எஞ்சும் பிழை கோணத்தை அளப்பதிலும் தொடுவானத்தின் தெளிவிலும் இருக்கிறது, கணக்கில் இல்லை. மென்பொருள் இடத்தை மூன்று தசம இலக்கத்தில் காட்டினாலும் அது அவ்வளவு துல்லியம் என்று மயங்க வேண்டாம். ஒரே பொருளை ஐந்தாறு முறை தொடர்ந்து அளந்து, நேரத்துக்கு எதிராகப் புள்ளியிட்டு, கோட்டிலிருந்து விலகி நிற்பதை நீக்குவதே துல்லியத்தைக் கூட்டும் உண்மையான வழி. 1916-இல் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குச் சுமார் 800 மைல் சிறு படகில் கடந்தபோது, ஷாக்கிள்டனின் அண்டார்க்டிக் பயணக் குழுவின் கப்பல் தலைவர் ஃபிராங்க் வொர்ஸ்லிக்கு மேகம் விலகிச் சூரியன் கிடைத்தது ஒரு சில முறையே. சகாக்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, எழும்பி விழும் படகில் நின்று அளந்த அந்தச் சில கோணங்களே அவர்களைத் தீவுக்குக் கொண்டு சேர்த்தன.

இரவில் தொடுவானம் தெரியாதபோது மின்னணுக் கருவி உதவாதா?

நட்சத்திரங்களை அளக்க ஏற்ற நேரம் அந்திப் பொழுதுதான். நட்சத்திரமும் தொடுவானமும் ஒருசேரத் தெரிவது காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே. எந்த நட்சத்திரம் எந்தத் திசையில் எந்த உயரத்தில் தோன்றும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டுத் தருவதில் செயலிகள் பேருதவி செய்கின்றன. செக்ஸ்டன்டை முன்பே அந்தக் கோணத்தில் வைத்துத் திசையைப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முன்பே நட்சத்திரம் தொலைநோக்கியில் சிக்கும்.

தொடுவானமே தேவைப்படாத கருவிகளும் உண்டு. நீர்மட்டக் குமிழி பொருத்திய செக்ஸ்டன்ட்களை விமானங்களில் பயன்படுத்தினார்கள். எஸ்.ஆர்.-71 உளவு விமானத்தில் பகலிலும் நட்சத்திரங்களைத் தானாகத் தேடிப் பின்தொடரும் கருவி இருந்தது. ஆனால் அத்தகைய கருவி நட்சத்திரத்தின் திசையை எவ்வளவு நுட்பமாக அறிந்தாலும், "கீழ்" எது என்பதை விலையுயர்ந்த நிலைம வழிகாட்டிச் சாதனம் ஒன்றிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசியில் பார்த்த அதே சிக்கல், மிகப் பெரும் செலவில் தீர்க்கப்பட்டிருக்கிறது. சிறு படகுக்காரருக்கு அது எட்டாது.

கப்பல் அதிகாரிகள் இதைக் கற்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

இருக்கிறது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உரிய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற பன்னாட்டு உடன்பாடு, வான்பொருள்களைக் கொண்டு இடமறியும் திறனைக் கேட்கிறது. 2010-இல் மணிலாவில் செய்யப்பட்ட திருத்தங்களும் அதை நீக்கவில்லை. மின்னணுப் பஞ்சாங்கத்தையும் கணக்கிடும் மென்பொருளையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இந்தப் பாடத்தைக் கைவிட்டிருந்து, 2015-இல் மீண்டும் கொண்டுவந்தது.

மின்னல் தாக்கினால் எது மிஞ்சும்?

செக்ஸ்டன்ட், அச்சுப் பஞ்சாங்கம், அட்டவணை, பென்சில், காகிதம். மின்னணுவில் மிஞ்ச வேண்டுமென்றால் ஒரு கைக்கடிகாரத்தையும் ஒரு கால்குலேட்டரையும் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றையும் மூடிய உலோகப் பெட்டியில் தனியாக வையுங்கள். இடியோசை கேட்ட பிறகு எடுத்து வைக்கலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

எதில் தொடங்குவது?

நண்பகல் சூரியனில். வினாடித் துல்லியம் வேண்டாம், நீண்ட கணக்கு வேண்டாம். கூட்டலும் கழித்தலும் போதும். பத்து நாள் கையால் போட்டுப் பழகிய பிறகு மென்பொருளுக்குச் செல்லுங்கள். முதலிலேயே மென்பொருளுக்குச் சென்றவர்கள், விடை தவறும்போது எந்தப் படியில் தவறியது என்று தேடத் தெரியாமல் திகைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள்மீது குறையில்லை, அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட வரிசையில்தான் குறை.

எல்லாக் கடிகாரங்களும் நின்றுவிட்டால்?

அட்சரேகை அப்போதும் கிடைக்கும். நண்பகல் சூரியனுக்கும் துருவ நட்சத்திரத்துக்கும் நேரம் ஏறக்குறையத் தெரிந்தால் போதும். சேருமிடத்தின் அட்சரேகையை முதலில் எட்டிவிட்டு, பிறகு அதை விடாமல் கிழக்கு அல்லது மேற்கு நோக்கிச் செல்வது பழைய மாலுமிகளின் வழக்கம். சேருமிடத்துக்குக் கிழக்கே நிற்கிறோமா, மேற்கே நிற்கிறோமா என்ற ஐயம் எழாதபடி, அவர்கள் வேண்டுமென்றே தொலைவிலேயே அந்த அட்சரேகைக்கு வந்து சேர்வார்கள்.

நேரத்தையே வானத்திலிருந்து மீட்கவும் வழி உண்டு. சந்திரன் நட்சத்திரங்களுக்கிடையே மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை நகர்கிறது. சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்தால், அதுவே வானத்தில் தொங்கும் கடிகார முள்ளாகிவிடும். கோணத்தில் ஒரு கலை தவறினால் நேரத்தில் சுமார் 2 நிமிடம், தீர்க்கரேகையில் அரைப் பாகை தவறும் என்பதால் இதற்குக் கை மிக நுட்பமாக இருக்க வேண்டும். கோணங்களைச் சீர்செய்யும் நீண்ட கணக்கே இந்த முறையை வழக்கொழியச் செய்த காரணங்களுள் ஒன்று. இன்று உலோகப் பெட்டியில் காப்பாற்றி வைத்த கால்குலேட்டர் அந்தக் கணக்கைச் சில நிமிடங்களில் முடித்துக் கொடுக்கும். கோணத்தை மட்டும் நாம் செக்ஸ்டன்டால் அளந்து கொடுக்க வேண்டும்.